நெருங்கி வாழ்வோர்க்கும் நெறி வேண்டும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள். முதலிரண்டையும் ஒருவன் தன் உழைப்பால் ஓரளவு தேடிக்கொள்ளலாம். மூன்றாவது அவ்வாறன்று. எத்தனை மாடி எழுப்பலாம், அண்டை வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டலாம், ஒரு மனையில் எத்தனை குடும்பங்கள் வாழலாம் என்பவற்றை மாநிலச் சட்டமும் நகர விதிகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அவ்விரண்டும் ஒன்றோடொன்று இசையாதபோது துன்புறுபவர் செல்வரல்லர். அரை கிரவுண்டில் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இடம் தேடும் எளியவரே.

திருவொற்றியூரை எண்ணிப் பார்ப்போம். கிழக்கே கடல், வடக்கே எண்ணூர், மேற்கே இருப்புப்பாதையும் மணலித் தொழிற்சாலைகளும். பரவ இடமில்லாத ஊர் உயரத்தான் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர். அதே ஆண்டில் இந்நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு அதன் முதல் மண்டலமாயிற்று.

இளங்கோவடிகள் காட்டும் புகார் நகரில் கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கமும் அதற்கப்பால் பட்டினப்பாக்கமும் இருந்தன. பரதவரும் கைவினைஞரும் கடலோடிகளும் வாழ்ந்தது மருவூர்ப்பாக்கம். அரசரும் செல்வரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கம். இன்றைய சென்னையின் மருவூர்ப்பாக்கம் வடசென்னையே எனலாம். இரு பாக்கங்களுக்கும் ஒரே செங்கோல் நிழல் தரவேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1974இல் சட்டப்படியான அமைப்பாயிற்று. ஆயினும் கட்டட விதிகள் ஒன்றாக இல்லை. பெருநகர்ப் பகுதிக்கு ஒன்று, ஏனைய நகராட்சிகளுக்கு 1972ஆம் ஆண்டு விதிகள், ஊராட்சிகளுக்கு 1997ஆம் ஆண்டு விதிகள் எனப் பலவாக இருந்தன. 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இவற்றை ஒரு குடையின்கீழ்க் கொணர்ந்தன.

இவ்விதிகளின் உயிர்நாடி தளப் பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதை அது சொல்லும். பெருநகர்ப் பகுதியில் சாதாரணக் கட்டடங்களுக்குப் பொதுவாக 1.5ஆக இருந்த இக்குறியீடு 2ஆக உயர்த்தப்பட்டது. ஆயிரத்து இருநூறு சதுர அடி மனையில் 1,800 சதுர அடி என்றிருந்த வரம்பு 2,400 சதுர அடியாயிற்று. மணமான மகனுக்கு மேலே ஒரு தளம் என்பது இதனால் சட்டத்துக்கு உட்பட்ட விருப்பமாயிற்று. பாகப்பிரிவினையால் தலைமுறைக்குத் தலைமுறை மனை சுருங்கும் நம் சமுதாயத்துக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

வாழ்க்கைக்கு ஒவ்வாத விதி என்ன செய்யும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். விதிமீறிய கட்டடங்கள் பெருகவே, 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கட்டணம் செலுத்தி மீறலை வரன்முறைப்படுத்திக்கொள்ள அது வழி செய்தது. உச்ச நீதிமன்றம் 2000இல், ஒரே ஒருமுறைக்கான ஏற்பாடு என்னும் அளவில் அதனை ஏற்றது. முதலில் மீறல், பின்னர் மன்னிப்பு என்னும் இப்பழக்கம் நேர்மையாளனைத்தான் ஏமாளியாக்குகிறது. நகர விதியை மாநிலச் சட்டத்தோடும் மக்களின் தேவையோடும் பொருத்துவதே இதற்கு மருந்து. இவ்வகையில் 2019ஆம் ஆண்டு விதிகளை வரவேற்கிறோம்.

ஆனால் எல்லார்க்கும் ஒரே விதி என்பதாலேயே எல்லார்க்கும் ஒரே பயன் கிட்டிவிடுமா? அங்கேதான் நமக்கு ஐயம் எழுகிறது.

கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு பெறும் பிரீமியம் முறை, சாலையின் அகலத்தைப் பொறுத்தது. 18 மீட்டருக்குக் குறையாத சாலையில் 50 விழுக்காடு வரை. 9 மீட்டருக்கும் குறைந்த தெருவில் ஒன்றுமில்லை. குறுகிய தெருவில் தீயணைப்பு வண்டி நுழைய முடியாதாகையால் இக்கட்டுப்பாடு நியாயமானதே. ஆயினும் விளைவு யாது? நெடுஞ்சாலையோரத்துப் பெருமனைக்காரர் பயனடைகிறார். மீனவர் குப்பத்தாரும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பாரும் வேடிக்கை பார்க்கின்றனர். விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் 2021 பிப்ரவரியில் வந்தது. நிலையத்தை அடுத்த நிலத்தின் மதிப்பு உயர உயர, வாடகைக் குடித்தனக்காரர் ஊரைவிட்டே விலக நேரும்.

இங்கே கலிபோர்னியா மாநிலத்தின் நடைமுறை நினைக்கத்தக்கது. அங்கே 1979இல் இயற்றப்பட்ட சட்டம், குறிப்பிட்ட அளவு வீடுகளை எளியோருக்கு எட்டும் விலையில் தருபவருக்குக் கூடுதல் வீடுகள் கட்ட உரிமை அளிக்கிறது. நகரங்கள் தம் விதிகளை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். நாம் கூடுதல் தளத்தைப் பணத்துக்கு விற்கிறோம். அவர்கள் எளியோரின் வீட்டுக்கு ஈடாகத் தருகிறார்கள். நம் ஊரிலும் 2008ஆம் ஆண்டின் இரண்டாம் முழுமைத் திட்டம், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைகளில் பத்து விழுக்காட்டை எளியோருக்கு ஒதுக்கச் சொன்னது. ஆனால் திருவொற்றியூரில் அத்துணைப் பெரிய மனைகள் எத்தனை கிடைக்கும்? மெட்ரோ நிலையங்களைச் சூழ்ந்த பகுதியிலேனும் பிரீமியம் தளப்பரப்பின் ஒரு பங்கைச் சிறு வீடுகளாகத் தரும் விதி வேண்டும் என்கிறோம்.

அடுத்தது பாதுகாப்பு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993இல் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து தரைமட்டமாயிற்று. முன்னரே விரிசலைக் கண்டு மக்கள் வெளியேறியதால் உயிர்கள் பிழைத்தன. இன்னும் இரண்டாண்டு கழித்து, 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீதிக்கு ஓடிவந்தனர். மாடி உயர்த்த அனுமதிக்கும் விதி, அம்மாடியிலிருந்து மக்கள் விரைந்து இறங்கி ஓட வழியுண்டா என்றும் கேட்க வேண்டாமா? உப்புக் காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும் கடலோரத்தில் கட்டடங்களைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டாமா?

நெருக்கம் என்றாலே நோய், குற்றம் எனக் கருதி எதிர்ப்பவரும் உளர். நெருக்கம் வேறு, நெரிசல் வேறு. குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் பள்ளியும் உடன்வருமாயின் நெருக்கம் வாழ்வாகும். அவை வாராவிடில் நெரிசலாகும். அனுமதியை மறுப்பதால் மக்கள் மறைந்துவிடுவதில்லை. அனுமதியில்லாத கூரையின்கீழ் ஒடுங்குகின்றனர்.

ஆகவே மாநில விதி பொதுவாக நிற்கட்டும். அதன்கீழ், 1971ஆம் ஆண்டுச் சட்டமே இடந்தரும் விரிவான வளர்ச்சித் திட்டம் ஒன்று திருவொற்றியூருக்கென வகுக்கப்படட்டும். கடலரிப்பு, தொழிற்சாலை அபாயம், தெருக்களின் அகலம் ஆகியவற்றை அது தெருவாரியாகக் கணக்கிலெடுக்கட்டும். 2027 முதல் 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டத்தில் இதற்கு இடம் கேட்பது நம் உரிமை.

அண்டை வீட்டாரின் உரிமையை இஸ்லாம் எத்துணை வலியுறுத்துகிறது என்பதை நாம் அறிவோம். தனக்குரிய நிலத்தில் கட்டுபவனும் பிறர்க்குத் தீங்கு விளைவித்தல் ஆகாது என்னும் நெறியை வைத்தே சுவர், சாளரம், நீர்வடிகால் பற்றிய வழக்குகளை அக்காலக் காஜிமார் தீர்த்தனர். பேரறிஞர் இப்னு கல்தூனும் இத்தகைய வழக்குகளைப் பற்றி எழுதியுள்ளார். வீட்டின் உயரம் அறத்தின் பாற்பட்டது என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

மாணவமணிகளுக்கு ஒரு வேண்டுகோள். இலக்கணச் சூத்திரத்துக்கு உரை காணும் நீங்கள், இக்கட்டட விதிகளுக்கும் எளிய தமிழில் உரை காணுங்கள். ஊர்ப் பெரியோர் அதைப் பள்ளிவாசல் முற்றத்திலும் நற்பணி மன்றத்திலும் படிக்கச் செய்யட்டும். விதியை அறிந்தவனிடம் தரகனின் தந்திரம் பலிக்காது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவன் வாய் மூடியிருக்கவும் மாட்டான்.