சவுக்கின் நிழல்

பங்குனி வெயில் ஏறிய நாளொன்றில் நானுஓயாவிலிருந்து தலவாக்கலை வழியாக ஹற்றனை நோக்கி வருவோர், தேயிலை மலைகளினிடையே நெடிதுயர்ந்து நிற்கும் ஒரு மரத்தைக் கண்டிருப்பர். காற்றடிக்கையில் அதன் இலைகள் புரண்டு வெள்ளியென மின்னும். துரைமார் அதனைச் 'சில்வர் ஓக்' என்றனர். தோட்ட மக்கள் சவுக்கு என்கின்றனர். இரண்டும் இரவற் பெயர்களே. கடற்கரைச் சவுக்கும் இதற்கு உறவன்று. ஐரோப்பாவின் ஓக் மரமும் உறவன்று. அவுஸ்திரேலியாவின் கீழ்க்கரையிலிருந்து வந்து, தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடையாகவும் நின்ற மரம் இது. மெய்யான ஓக்கைக் காண விழைவோர், 1861இல் சிங்கோனாப் பயிருக்கென அமைந்த ஹக்கலைப் பூங்காவுக்குச் செல்லவேண்டும்.

இவ்விரு மரங்களும் வெப்பத்தை எவ்வாறு தாங்குகின்றன? மரத்துக்கு நிழல் தேடி ஓட இயலாது. நின்ற இடத்திலேயே வரவு செலவு பார்க்கவேண்டும். இலைவாய்கள் திறந்திருந்தால் ஆவியுயிர்ப்பினால் இலை குளிரும். ஆனால் நீர் குறையும். மூடிக்கொண்டால் நீர் மிஞ்சும். ஆனால் இலை சுடும், ஒளித்தொகுப்புத் தளர்ந்து உணவும் குன்றும். ஓக் மரம் தன் இலைகளிலிருந்து ஐசோப்பிரீன் என்னும் ஆவியை வெளிவிடுகிறது. வெப்பத்தால் இலையின் உள்ளமைப்புச் சிதையாமல் அது காக்கிறது என்பர் அறிஞர். வறட்சி எல்லை கடந்தாலோ, நீர் ஏறும் குழாய்களில் காற்றுக் குமிழிகள் புகுந்து கிளைகள் பட்டுப்போகும்.

சவுக்கின் வழி வேறு. பன்னத்தின் இலைபோல் பிளவுபட்ட அதன் இலையில் வெப்பம் தேங்குவதில்லை. அடிப்புறத்து வெண்மயிர் நீரிழப்பைக் குறைக்கிறது. முதிர்ந்த இலைகளை உதிர்த்துத் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளவும் அது அறியும். வேரின் திறமோ வியப்புக்குரியது. ஆழத்து ஈரத்தை வறண்ட மேல்மண்ணுக்கு ஏற்றுவதும், மழை பெய்தபின் மேல்மண்ணின் நீரை ஆழத்துக்கு இறக்குவதும் இம்மரத்தின் வேர்களால் இயலும் என்று 1998இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

இஃது வெறும் தாவரவியற் செய்தியன்று. மலையகத்தின் வாழ்வு பற்றியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை, குளிரையும் மழையையும் நம்பி வளர்ந்தது. இலையின் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடந்தால் தேயிலையின் ஒளித்தொகுப்பு வீழ்கிறது. கொழுந்து துளிர்ப்பதும் குறைகிறது. 1992ஆம் ஆண்டு வறட்சியில் நாட்டின் தேயிலை விளைவு ஏறத்தாழக் காற்பங்கு குறைந்ததை நாம் மறக்கலாகாது. புவியின் வெப்பம் ஏறிவரும் இந்நாளில் நிழல் மரம் அணியன்று, அரண்.

ஆயினும், நிழல் மிகின் அதுவும் தீங்கே. 1946இல் இந்நாட்டுக்கு வந்த கொப்புள நோய், ஈரமும் மங்கலும் உள்ள இடத்திலேயே செழிக்கிறது. ஆதலின் மழைக்காலத்துக்குமுன் கிளை கழித்து வெளிச்சம் விடுவதும், வெயில் வருமுன் தழைக்க விடுவதும் முறையாயிற்று. மரத்தைக் கழிப்பது வேறு, வீழ்த்துவது வேறு. வெட்டிய மரம் ஒரு நாளில் பணமாகும்; அதன் நிழல் மீண்டு வரப் பல்லாண்டுகள் செல்லும். நிலம் 1972இலும் 1975இலும் அரசின் கைக்கு வந்தது. 1992இல் நிருவாகம் தனியாரிடம் சென்றது. எவர் கையில் இருப்பினும், வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாக மரம் நட்டு, அது தழைக்கும்வரை காப்பது அவர் கடன்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். தேயிலைச் செடி வாடுவதைக் கணக்கிடுவோர், அதே மலையில் அதே வெயிலில் கூடை சுமந்து நிற்கும் பெண்ணையும் கணக்கில் கொள்கின்றனரா? செடிக்கு இலைவாய் உண்டு, வேண்டியபோது மூடிக்கொள்ளும். கொழுந்து பறிப்பவளோ அன்றைய நிறை முடியும்வரை ஓயமுடியாது. வெயிற்காலத்து நண்பகலில் அவளுக்குக் குடிநீரும், சிறிது ஓய்வும், அமர ஒரு நிழலும் வேண்டும் என்பது சலுகையன்று, உரிமை.

மலையகப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரை ஒரு நண்பகலில் வெப்பமானியுடன் மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். சவுக்கின் அடியில் ஒருமுறை, வெட்டவெளியில் ஒருமுறை அளக்கச் செய்யுங்கள். இரண்டு எண்களையும் அவர்களே எழுதட்டும். அவற்றிடையே உள்ள வேறுபாட்டில்தான் அவர்தம் தாய்மார் நாள்தோறும் நிற்கின்றனர் என்பதை அறிந்த பிள்ளை, நாளை ஒரு மரத்தின்மேல் கோடரி விழும்போது வாளாவிருக்கமாட்டான்.