பரணும் பள்ளக்காடும்

சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளில் இராக்காவலர் பரண் மீதிருந்து கவி பாடிய காலமொன்று இருந்தது. காவலனை விழித்திருக்கச் செய்த அக்கவியே, இங்கு ஆளுண்டு என யானைக்கும் அறிவித்தது.

இன்று யானையைக் கூவி அழைப்பது எது? நமது குப்பையன்றோ! கரையோர ஊர்களின் கழிவு குவியும் பள்ளக்காட்டில், 2022 ஜனவரி வரையான எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்ரிக் தின்று மாண்டன. அவற்றின் வயிற்றில் மிருக வைத்தியர் கண்டவை பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளுமே. நாம் வீசிய சோற்றுப் பொதிகள் அவை. குப்பை தேடி வந்த யானை அடுத்த வயலில் இறங்காதென்று எந்த உழவன் நம்புவான்?

விஞ்ஞானம் வழி கூறாமலில்லை. கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 இல் அளித்த தேசியத் திட்டம், ஊரையும் விளைநிலத்தையும் சூழ மின்வேலி இடுக என்கிறது. அறுவடை முடிந்ததும் வயல்வேலியை அகற்றினால், தாளடியை யானை மேய்ந்து போகும். நாடெங்கும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் மடிந்த 2023 இலும் அத்திட்டம் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது.

உள்ளூராட்சி சபைகள் முதலில் குப்பையைத் தரம் பிரிக்கட்டும். மேட்டைச் சூழ உறுதியான வேலியிடட்டும். வட்டை விதானைமாரும் உழவர் பெருமக்களும் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் நீரோடு வேலியையும் பேச வேண்டுமென்று கேட்கிறோம்.