திரைக்குள்ளும் அவள் காத்திருக்கத்தான் வேண்டுமா?

(பத்தாம் வகுப்பு மாணவி, அமிர்தி)



கடந்த கோடை விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது. அம்மா முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். என் தம்பி கைப்பேசியில் ஓட்ட விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருந்தான். அந்தக் கைப்பேசி, 2020-ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, என் பாடங்களுக்காக அப்பா கடன்பட்டு வாங்கித் தந்தது. எப்படியோ அது தம்பியுடையதாகிவிட்டது!

“எனக்கும் ஒரு ஆட்டம் கொடுடா” என்று கேட்டு வாங்கினேன். திரையில் ஓடியவன் ஒரு பையன். “பெண் இல்லையா?” என்றேன். “இருக்கு அக்கா. ஆனா பையன் சும்மா வருவான். பொண்ணு வேணும்னா காசு சேர்க்கணும்” என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் வரும் என்று சொல்வதுபோல வெகு இயல்பாகச் சொன்னான். அந்த இயல்புதான் என் மனத்தை உறுத்தியது.

“விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இத்தனை சிந்தனை?” என்று நீங்கள் கேட்கலாம். கதையை நாம் கேட்கிறோம், திரைப்படத்தைப் பார்க்கிறோம். வீடியோ விளையாட்டிலோ நாமே கதைமாந்தர் ஆகிவிடுகிறோம். ஓடுவதும், தாண்டுவதும், தோற்பதும், மீண்டும் எழுவதும் நாமே. ஆகவே அங்கே ‘நான்’ என்பவர் யார் என்பது சிறிய கேள்வி அன்று. வீரன் என்றால் ஆண், பரிசு என்றால் பெண் என்று நாள்தோறும் பழகும் சிறுவன், திரையை அணைத்த பிறகு அதை மறந்துவிடுவானா? அவனருகே அமர்ந்து வேடிக்கை பார்க்கும் தங்கைதான் மறந்துவிடுவாளா?

இந்த வழக்கம் நேற்று வந்ததன்று. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1981-இல் ‘டாங்கி காங்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. பெரிய குரங்கு ஒன்று ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்று உச்சியில் வைத்துக்கொள்ளும். ஒரு தச்சன் ஏணிகளில் ஏறி அவளை மீட்க வேண்டும். முதலில் அவளுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. பாலின் என்ற பெயர் பின்னரே வந்தது. 1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ’வில் ஓர் இளவரசி சிறைப்பட்டுக் காத்திருந்தாள். 1986-இல் வந்த ‘மெட்ராய்டு’ விளையாட்டில் கவசம் அணிந்து போரிடுபவர் பெண் என்பதே, ஆட்டத்தை விரைவாக முடித்தவர்களுக்கு மட்டும் கடைசியில் தெரியும். இன்னும் விரைந்து முடித்தால் அவள் உடை குறையும்! அவளுடைய வெற்றி, ஆடியவருக்குக் காட்சிப் பொருள் ஆயிற்று.

2005-இல் அதே இளவரசியைத் தலைவியாக்கி ஒரு விளையாட்டு வந்தது. இம்முறை மாரியோவை அவள் மீட்க வேண்டும். நல்லதுதான். ஆனால் அவளுடைய ஆற்றல்கள் எவை தெரியுமா? மகிழ்வதும், சினப்பதும், அமைதி கொள்வதும், கண்ணீர் விடுவதும்! அழுது அழுது செடிக்கு நீர் பாய்ச்சுவாளாம். பெண் என்றால் உணர்ச்சி மட்டுமே, அறிவு இல்லை என்ற பழைய எண்ணம் புதிய சட்டை அணிந்து வந்தது, அவ்வளவே.

இதைக் கண்டு ஒரு சிறுமியால் என்ன செய்ய முடியும்? அமெரிக்காவில் பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி, பேர்பெற்ற 50 ஓட்ட விளையாட்டுகளைப் பொறுமையாகப் பதிவிறக்கி, எண்ணிப் பார்த்தாள். ஆணா பெண்ணா என்று அடையாளம் தெரியும் உருவங்கள் உள்ள விளையாட்டுகளில், 98 விழுக்காட்டில் சிறுவர் உருவம் இருந்தது; 46 விழுக்காட்டில் மட்டுமே சிறுமியர் உருவம் இருந்தது. பெண் உருவத்தை இலவசமாகத் தந்தவை அதனினும் குறைவு. அவள் 2015-இல் இதை ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் எழுதினாள். என் தம்பி சொன்னதை, எண்கணக்கோடு உலகத்துக்குச் சொன்னவள் அவள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை, எண்ணினாள், எழுதினாள். நாமும் செய்யக்கூடியதன்றோ இது?

நம் நாட்டிலும் மாற்றம் தொடங்கியுள்ளது. புனே நகரில் உருவாகி 2020-இல் வெளிவந்த ‘ராஜி’ என்ற விளையாட்டில், கூத்தாடிப் பெண் ஒருத்தி, அசுரரிடம் அகப்பட்ட தன் தம்பியைத் தேடிப் போகிறாள். இங்கே காத்திருப்பவன் தம்பி, மீட்பவள் அக்கா. அதை உருவாக்கிய குழுவை நிறுவியவர்களுள் ஸ்ருதி கோஷ் என்ற பெண் ஓவியரும் ஒருவர்.

ஆனால் வாளேந்தினால்தான் பெண் உயர்ந்தவளா? இங்குதான் ‘வெண்பா’ என்ற விளையாட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட இவ்விளையாட்டு, மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. வேலூரில் கல்லூரியில் படிக்கும் அத்தை மகளின் கணினியில், பிறர் அதை விளையாடும் காணொளியைப் பார்த்தேன். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா என்ற தாயின் கதை அது. அவர் தம் தாயிடமிருந்து பெற்ற சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விடுபட்ட படிகளை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றிலும் ஏறும் என்பதே ஒரு புதிர்!

“பெண்ணை மறுபடியும் அடுப்படிக்கே அனுப்பிவிட்டார்களே!” என்று முதலில் எனக்கும் கோபம் வந்தது. பார்க்கப் பார்க்கத் தெளிந்தேன். அங்கே அம்மா சமையலுக்காகப் படைக்கப்பட்டவர் அல்லர். அந்நிய நாட்டில் வேலை தேடி அலைபவர், ஏங்குபவர், முடிவெடுப்பவர். சமையல் என்பது அவருடைய அறிவு என்று ஆடுபவர் உணர்கிறார். பின்பகுதியில் வளர்ந்த மகன் கவினே அடுப்பின் முன் நின்று, அம்மாவின் குறிப்பேட்டைப் படிக்கத் திணறுகிறான். பெண்ணை அடுப்படியில் காட்டுவது குற்றமன்று. அவளை மட்டுமே அங்கே காட்டுவதும், அவள் செய்வதை வேலையென்றே மதியாமல் விடுவதுமே குற்றம்.

நம் ஜவ்வாது மலைப் பெண்களைப் பாருங்கள். சாமை விதைத்துக் களையெடுப்பவரும், காட்டிலிருந்து விறகுச் சுமையோடு இறங்கி வருபவரும், பிள்ளையை இடுப்பில் சுமந்து மைல் கணக்கில் நடப்பவரும் இவர்களே. வீட்டை விட்டு வந்து பிறர் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தும் நம் சகோதரிகளும் எந்தக் கோட்டையிலும் மீட்புக்காகக் காத்திருக்கவில்லை. நாம் நாள்தோறும் காணும் பெண் ஒருத்தி. திரையில் காட்டப்படும் பெண் வேறொருத்தி. பொய் எது என்று நமக்குத் தெரியும். ஆனால் சொல்லாவிட்டால் பொய்யே நிலைக்கும்.

“கைப்பேசியே வேண்டாம், தொல்லை விட்டது” என்பது பெரியோர் சிலரின் தீர்ப்பு. அளவு மீறினால் கண்ணும் படிப்பும் கெடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பணிவோடு ஒன்று கேட்கிறேன். வீட்டில் பெண்ணிடமிருந்து மட்டுமே கைப்பேசி பிடுங்கப்படுகிறது, பையனிடம் விடப்படுகிறது. இது கட்டுப்பாடா, அல்லது அதே பழைய விளையாட்டின் அடுத்த கட்டமா? நாளை இவ்விளையாட்டுகளைப் படைக்கும் தொழிலுக்குக் கணிதமும் கணினியும் ஓவியமும் கதையறிவும் வேண்டும். கருவியைத் தொடவே விடாமல் வளர்த்தால், அங்கும் அவர்கள் படைப்பார்கள், நாம் காத்திருப்போம். பெற்றோர்களே, தடுப்பதானால் இருவரையும் தடுங்கள். கொடுப்பதானால் இருவருக்கும் கொடுங்கள்.

தோழியரே, “இதெல்லாம் நமக்கு வராது” என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். ஆடிப் பாராமலே சொன்ன சொல் அது. இனி அப்படிச் சொல்ல வேண்டாம்.

என் வீட்டில் இப்போது ஓர் ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. ஒரு நாள் குடம் எனக்கு, கைப்பேசி தம்பிக்கு. மறுநாள் குடம் தம்பிக்கு, கைப்பேசி எனக்கு. முதல் நாள் பாதி வழியிலேயே தண்ணீரைச் சிந்திவிட்டு வந்தான். “இது ரொம்பக் கஷ்டம் அக்கா” என்றான். நான் அந்த ஓட்ட விளையாட்டில் மூன்றாவது வளைவிலேயே விழுந்துவிட்டிருந்தேன். “இதுவுந்தான்டா” என்றேன். இருவரும் சிரித்தோம். மறுபடியும் முயன்றுகொண்டிருக்கிறோம்.