கறிகாய்க் கத்தியும் காந்தமும்

“நம் நாட்டிலேயே செய்த நல்ல கத்தி எங்கே கிடைக்கும்? போலியை எவ்வாறு அறிவது?” என்று லிங்கராஜபுரத்து அன்பர்கள் சிலர் சென்ற மாதக் கூட்டத்தில் நம்மை வினவினர். வினா சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நம் தெருவில் ஓர் அம்மையார், அலகின்மேல் ‘ஜப்பான்’ என்று பொறித்த கத்தி ஒன்றைப் பளபளப்பான பெட்டியோடு நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தார். மூன்று வாரத்தில் அது தக்காளியையும் அறுக்க மறுத்தது. அழுத்தி அறுத்தபோது வழுக்கி, இடக்கைப் பெருவிரலைப் பதம் பார்த்தது, நான்கு தையல். கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியே கையை அதிகம் வெட்டும் என்பதைச் சமையலறையில் பழகிய எவரும் அறிவர்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். செய்தவர் பெயர் இல்லை. இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. மாதமும் ஆண்டும் இல்லை. பொதியப்பட்ட பண்டங்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி செய்தவர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, உச்ச விலை ஆகியவை பொதியின்மேல் இருந்தே தீரவேண்டும்; வெளிநாட்டுச் சரக்காயின் அது எந்த நாட்டது என்பதும் வேண்டும். இவை இல்லாத பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நன்று. வாங்கிய பின் ஏமாற்றம் கண்டோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ரசீது மட்டும் கைவசம் இருத்தல் வேண்டும்.

ஊர்ப்பெயரைத் திருடி விற்பது புதிய வித்தையன்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி வினைஞர்கள் 1624-ஆம் ஆண்டிலேயே சட்டத்தின் வழியே சங்கம் அமைத்துக்கொண்டு தத்தம் முத்திரைகளைக் காத்து வந்தனர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்த மலிவுக் கத்திகள் சிலவற்றில் ‘ஷெஃபீல்டு’ என்றே குத்தியிருந்தார்கள். அந்தக் கூக்குரலும் சேர்ந்தே 1887-இல் பிரிட்டனில் வணிக முத்திரைச் சட்டம் பிறந்தது. வேடிக்கை என்னவெனில், அதே சோலிங்கன் பிற்பாடு உலகப் புகழ் பெற்றது. 1938-இல் தன் பெயரைக் காக்கத் தனக்கென்றே ஒரு சட்டத்தைப் பெற்றுக்கொண்டது! நம் நாட்டில் இதற்கு ஒப்பான புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மீரட் கத்தரிக்கோலும், 2019-இல் நம் திண்டுக்கல் பூட்டும் அந்தக் குறியீட்டைப் பெற்றன.

உருக்கு விஷயத்தில் நாம் வெளிநாட்டுப் பெயருக்கு மயங்குவது ஒருவகையில் விந்தையே. கன்னடத்தில் ‘உக்கு’ என்பார்கள், தமிழில் ‘உருக்கு’. ஐரோப்பியர் வழங்கிய ‘வூட்ஸ்’ என்னும் சொல் அந்த ‘உக்கு’விலிருந்தே பிறந்தது என்பது பலர் கொண்ட கருத்து. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது பழங்கால இரும்பு, உருக்கு உலைகள் வெளிப்பட்டன. 1800-1801-இல் மைசூர்ச் சீமையைச் சுற்றிவந்த புக்கானன், இங்கே மண் மூசையில் உருக்குச் செய்வதைக் கண்டு எழுதிவைத்தார். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத் துரையும் இம்முறையை விவரித்தார்: இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியை இட்டு, எருக்கிலையால் மூடி, மண்ணால் வாயடைத்து உலையில் வைப்பார்களாம். குச்சியிலுள்ள கரி இரும்பில் ஏறி உருக்காகும். 1795-இல் இவ்வுருக்கைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படிக்கப்பட்டது. ஸ்டோடர்ட் என்னும் லண்டன் கத்தி வினைஞர் இதனை வியந்து, மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து 1820-இல் உருக்குக் கலவைகளை ஆராய்ந்து வெளியிட்டார். மின்சாரத்தால் பெயர் பெற்ற அந்த ஃபாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம்.

இன்று கடைகளில் அலையலையான வரிகளோடு ‘டமாஸ்கஸ்’ என்று விற்பவை இந்தப் பழைய உருக்கல்ல. மேலானவை, இருவகை உருக்கை அடுக்கி அடித்து, அமிலத்தில் தோய்த்து வரியை எழுப்பியவை. கீழானவற்றில் வரி வெறும் அச்சு. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும்.

இனிக் காந்தத்துக்கு வருவோம். எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்த்து, “ஒட்டவில்லை, நல்ல சரக்கு” என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அந்தப் பழக்கத்தைக் கத்திக் கடைக்கும் கொண்டுசெல்கிறோம். அங்கே அது தலைகீழாகிவிடும். 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்த பாத்திர எஃகு பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அதனைச் சுட்டுத் தோய்த்தாலும் அது கடினமாகாது, கூர் நில்லாது. கத்திக்கு வேண்டுவது ஏறத்தாழ 13 பங்கு குரோமியமும் போதிய கரியும் உள்ள வேறு வகை. அது காந்தத்தில் ஒட்டும். ஆகவே அலகில் காந்தம் ஒட்டாத கறிக்கத்தியை வாங்காதீர்கள். ஒட்டிவிட்டால் மட்டும் நல்ல கத்தியென்று தீர்ந்துவிடாது. சாதா இரும்பும் ஒட்டும் அல்லவா? கரண்டி, முட்கரண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவை பாத்திர எஃகாகவே இருக்கலாம்.

அடுத்தது கொல்லர் கத்தி. மதுரையிலிருந்து மானாமதுரைக்குச் செல்லும் பாதையில் திருப்பாச்சேத்தி என்றொரு சிறு ஸ்டேஷன் உண்டு. அரிவாளுக்குப் பெயர்போன ஊர். திரைப்படங்கள் அப்பெயரைச் சண்டைக்கு உரியதாக்கிவிட்டன. வயலுக்கும் தோப்புக்கும் அடுக்களைக்கும் உழைத்தே அது பெயரெடுத்தது. அங்கே பெரும்பாலும் பயன்படுவது பழைய லாரியின் வில்பட்டை. கடைத்தெருவில் ‘பட்டா’ என்பார்கள். இதைக் கேட்டுப் பழைய இரும்பா என்று முகம் சுளிக்க வேண்டா. பல்லாண்டு பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த உருக்கு அது, நூற்றுக்கு அரைப்பங்கிற்குச் சற்று மேல் கரி கொண்டது, தோய்ச்சலை ஏற்கும். வீடு கட்டும் சாதாக் கம்பியில் அடித்த கத்தியோ எத்தனை முறை தோய்த்தாலும் ஏற்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஏமாற்றம் பிறப்பதும் இங்கேதான்.

பெங்களூரிலும் பட்டா உருக்கில் அடித்துக் கொடுக்கும் உலைக்காரர் இன்னும் உண்டு. அவரிடம் கன்னடத்தில், “இது உக்கா, கப்பிணவா?” என்று கேளுங்கள், கேள்வி தெரிந்தவர் என்று கண்டால் அவர் பேச்சே மாறும். பிறகு இரண்டு சோதனைகள். சாணைக்கல்லில் அலகின் முதுகை லேசாகத் தொடச் சொல்லுங்கள். உருக்காயின் பொறிகள் கிளைவிட்டுப் பூப்போல் வெடிக்கும்; சாதா இரும்பின் பொறி நீண்ட கோடாகவே ஓடும். அடுத்து, அவர் இசைந்தால், பிடிக்கு அருகே அலகின் வாயில் சிறு அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் தோய்ச்சல் உண்டு. வெண்ணெயில்போல் கடித்தால் இல்லை. பூண் ஆடாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்க.

தோய்த்த அலகை அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும். மீண்டும் இளஞ்சூட்டில் காட்டி வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துவதே கைத்திறன். நிறம் நீலத்துக்குப் போய்விட்டால் கறிக்கத்திக்கு வேண்டிய கடினம் இராது. இந்த நிறத்தைக் கண்ணால் அளக்கிறவருக்குக் கொடுக்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பதும், கண்ணாடிக் கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுப்பதும் நமக்கு நியாயமாகப் படவில்லை. தெருவில் சாணை பிடிப்பவரிடமும், அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். வாயோரம் நீலம் படர்ந்தால் அவ்விடத்தில் தோய்ச்சல் போயிற்று.

கொல்லர் கத்தி துருப்பிடிக்கும். எலுமிச்சையோ புளியோ பட்டால் உடனே கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். வாழைக்காய் நறுக்கினால் அலகு கறுக்கும். அது அழுக்கன்று, இரும்போடு துவர்ப்புச் சேர்ந்த கறை. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டுவதில்லை.

ஊரிலிருந்து அரிவாள் வாங்கி வருவோர்க்கு ஒரு சொல். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதற்கு விலக்கு. எனினும் ரெயிலில் கையில் பிடித்து வரலாகாது. வாயில் அட்டை வைத்து, சாக்கில் சுற்றிக் கட்டிப் பெட்டியின் அடியில் வையுங்கள். ரசீதை மேலே வையுங்கள்.

கன்னடத்து அண்டை வீட்டார் ஈளிகெ மணெ என்று சொல்லும் நம் அரிவாள்மனையைப் பற்றியும், துருவலகைப் பற்றியும் சொல்ல நிறைய உண்டு. அவற்றை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்வோம்.