சாம்பல் பூத்த ‘தம்பு’



டிசம்பரில் திருவனந்தபுரத்துத் திரைப்பட விழா முடிந்து, டாகூர் தியேட்டர் வாசலிலும் கைரளி வளாகத்திலும் கூட்டம் கலைந்ததும் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரே மாதிரிக் கடிதங்கள் வர ஆரம்பிக்கும். ‘தியேட்டரில் பார்த்ததில் பாதிகூட வீட்டில் தெரியவில்லையே!’ ஒரு வாரம் நல்ல திரைக்கும் நல்ல ஒலிக்கும் பழகிய கண்ணும் காதும் வரவேற்பறை டிவியோடு சமாதானமாக மறுக்கின்றன. 1965-லேயே சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டி தொடங்கிய ஊர் இது. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இந்த முறை கரமனையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து, ஜி. அரவிந்தனின் ‘தம்பு’ பார்த்தாராம். “கறுப்பெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. காப்பி பழசா, டிவி பழசா? புதுசு வாங்கிவிடட்டுமா?” என்று கேட்கிறார்.

அவசரப்படாதீர்கள் டீச்சர். பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

‘தம்பு’ 1978-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஒளிப்பதிவுக்காக ஷாஜி என். கருணுக்குத் தேசிய விருது கிடைத்தது. மூல நெகட்டிவ் கைக்கு எட்டாத நிலையில், ஆவணக் காப்பகத்திலிருந்த பிரதியின் வழியே அதை மீட்டெடுத்து 2022-இல் கான் விழாவில் திரையிட்டார்கள். சர்க்கஸ் பார்க்கும் கிராமத்து முகங்களில் வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே எத்தனை படிகள்! வண்ணப் படத்தில் ஒளிந்துகொள்ளும் கோளாறு இப்படிப்பட்ட படத்தில் ஒளிய முடியாது. டிவியைச் சோதிக்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குக் கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 255. வீடியோ உலகத்தின் பழைய வழக்கப்படி கறுப்பு 16-இல் தொடங்கி வெள்ளை 235-இல் முடிகிறது. கம்ப்யூட்டர் 16-ஐக் கறுப்பென்று அனுப்ப, டிவியோ 0 வந்தால்தான் கறுப்பு என்று காத்திருந்தால், திரையில் நிற்பது சாம்பல். நேர்மாறாக அமைந்தால் நிழலில் இருக்கும் முகங்கள் மையில் தோய்த்ததுபோல் காணாமல் போகும். கிராஃபிக்ஸ் அமைப்பில் ‘ஃபுல்’, ‘லிமிடெட்’ என்று இருக்கும். டிவியில் ‘பிளாக் லெவல்’ என்றோ அதைப்போல வேறொரு பெயரிலோ இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே தவறு என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு, படத்தின் இரு பக்கமும் நிற்கும் கறுப்புப் பட்டையைப் பாருங்கள். பட்டையும் சாம்பலாக இருந்தால் கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் இடையில்தான் தகராறு. பட்டை கறுத்து, படம் மட்டும் வெளுத்திருந்தால் பிளேயர் மென்பொருளையோ காப்பியையோ சந்தேகிக்கலாம். எல்சிடி திரையில் கொஞ்சம் வெளிச்சம் கசிவது இயல்பு. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. வீட்டுத் திரையில் படம் கெடுவது பெரும்பாலும் கருவி மட்டமாக இருப்பதால் அல்ல; ஆளாளுக்கு உதவி செய்ய வருவதால். பிளேயர் கொஞ்சம் கூர்மையாக்கும், கிராஃபிக்ஸ் கார்டு கொஞ்சம் நிறம் ஏற்றும், கடைசியில் டிவி தன் பங்குக்கு எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்யும். நாலு பேர் உப்புப் போட்ட சாம்பார்தான். டிவியில் ‘விவிட்’ என்றிருப்பதை ‘சினிமா’வுக்கோ ‘ஃபிலிம்மேக்கர்’ முறைக்கோ மாற்றினாலே பாதி உப்பு குறையும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, கீழே உள்ள பட்டன்கள் தெரியவில்லையா? பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கத்தை உங்கள் டிவி இன்னும் விடவில்லை. ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் தத்தித் தத்திப் போகிறது என்று வேறு சிலர் எழுதியிருக்கிறார்கள். சினிமா நொடிக்கு 24 சட்டகம். கம்ப்யூட்டர் வழக்கமாக அனுப்புவது நொடிக்கு 60. இரண்டும் சரியாக வகுபடாததால், ஒரு சட்டகம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் மாறி மாறிக் காட்டப்படுகிறது. மேலே ஏறும் எழுத்துப் பட்டியலைப் பார்த்தால் தத்தல் பளிச்சென்று தெரியும். ‘கோடி’ மென்பொருளில் ரெஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நொடிக்கு 25 சட்டகம். அவற்றுக்கு 50 பொருந்தும். தத்தலைப் போக்குகிறேன் என்று டிவியே இல்லாத சட்டகங்களைச் செருகும் வசதி கிரிக்கெட்டுக்கு நன்றாக இருக்கலாம். அரவிந்தனை அது மெகா சீரியலாக்கிவிடும்.

இனி ஒலி. பாட்டு காதைப் பிளக்கிறது, வசனம் முணுமுணுக்கிறது என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்றே கலக்கப்படுகிறது. இவ்வூர்ச் சட்டக் கல்லூரியில் படித்து, பிறகு புனே போய், ஒலிக்கலவைக்காக 2009-இல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி போன்றவர்கள் அளந்து அளந்து கலந்துவைக்கும் ஒலி அது. வீட்டிலோ டிவிக்கு இரண்டே ஸ்பீக்கர்; கம்ப்யூட்டர் அமைப்பில் 5.1 என்று யாரோ தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். நடு ஸ்பீக்கருக்கான வசனம் போய்ச்சேர இடமில்லாமல் தொலைந்துபோகிறது. அமைப்பை ‘ஸ்டீரியோ’வுக்கு மாற்றுங்கள், வசனம் திரும்பி வரும். நிஜமாகவே ஆம்ப்ளிஃபயரும் ஆறு ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்கள் ‘பாஸ்த்ரூ’வை இயக்கி, ஒலியைப் பிரிக்கும் வேலையை ஆம்ப்ளிஃபயரிடமே விட்டுவிடலாம். இங்கேயும் ஒருவர் உப்புப் போட்டால் போதும்.

உதடு அசையும் முன்பே குரல் கேட்டால், டிவி படத்தை மெருகேற்றத் தாமதிக்கிறது என்று அர்த்தம். இடி மின்னலுக்குப் பின்னால்தான் கேட்கும் என்று பழகிய காதுக்கு, ஒலி முந்தினால் உடனே உறுத்தும். விஎல்சி பிளேயரில் ‘கே’ விசையை ஒருமுறை தட்டினால் ஒலி 50 மில்லிசெகண்ட் பின்வாங்கும். ‘ஜே’ அதை முன்னால் இழுக்கும்.

‘எலிப்பத்தாயம்’ போன்ற, மௌனம் நிறைந்த படத்தில்தான் இன்னொரு கோளாறு அம்பலமாகும்: அடியில் விடாமல் ஓடும் ‘ம்ம்ம்’ இரைச்சல். கேபிள்காரர் கொண்டுவந்த வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், இரண்டு வெவ்வேறு எர்த்துகளுக்கிடையே மின்சாரம் சுற்றி வருகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகி, கேபிள் வயருக்கு ஒரு ஐசொலேட்டர் மாட்டச் சொல்லுங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உயிர் போகிற காரியம்.

ஐப்பசி மாதத்து மத்தியான இடிக்கு நம்மூரில் எல்லோரும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். ஆனால் கேபிள் டிவி வயரும் இன்டர்நெட் வயரும் செருகியபடியே இருக்கும். மின்னல் அந்த வழியாக வந்து எச்டிஎம்ஐ போர்ட்டைக் கருக்கிவிட்டுப் போகும். அவற்றையும் கழற்றுங்கள். சங்குமுகம், வலியதுறைப் பக்கம் இருப்பவர்களின் கேபிள் முனைகளை உப்புக்காற்று அரிக்கும். படம் விட்டுவிட்டு வந்தால், புதுக் கேபிள் வாங்குமுன் கழற்றி இரண்டு தடவை செருகிப் பாருங்கள்.

இன்னும் குறை தீராத வாசகர்கள் எழுதுங்கள். ‘படம் சரியில்லை’ என்று மட்டும் எழுதாமல், டிவியின் மாடல், எந்த மென்பொருளில் பார்த்தீர்கள், எந்தப் படத்தின் எத்தனையாவது நிமிடத்தில் தொந்தரவு என்பதையும் குறிப்பிடுங்கள். செல்போனில் திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். செல்போனும் தன் பங்குக்குக் கொஞ்சம் நிறம் சேர்த்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்