வீட்டுப் பராமரிப்பு: வார்டிலேயே கேளுங்கள்

பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பெற்றோரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே பலர் தாதி தேடி அலைகிறார்கள். கேட்க வேண்டிய இடம் மருத்துவமனை வார்டு.

சுகாதார அமைச்சு 2014இல் தொடங்கிய டொமிசிலியாரி சேவையில், அரசாங்க கிளினிக் குழு வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப்போடும். உணவுக் குழாய், சிறுநீர்க் குழாயை மாற்றும். டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டர் பரிந்துரைக்க வேண்டும். வீடு கிளினிக்கின் சேவை வட்டாரத்துக்குள் இருக்க வேண்டும். நோயாளியைக் கவனிக்க வீட்டில் ஒருவரும் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் பட்டணத்துக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட தோட்டத்தில் அந்த ஒருவர் யார்? திட்டம் நம்மவர்களைத் தவறவிடுவது இங்கேதான்.

சமூக நல இலாகாவின் வீட்டு உதவிச் சேவைக்கு வருபவர்கள் தொண்டூழியர்கள். பேச்சுத்துணைக்கு இருப்பார்கள், கிளினிக்குக்கு அழைத்துப் போவார்கள். தாதி வேலை அவர்களுடையதல்ல. தனியார் தாதியை அமர்த்தினால், தாதியர் வாரியப் பதிவும் நடப்பு ஆண்டுச் சான்றிதழும் உண்டா என்று சம்பளம் பேசுவதற்கு முன் கேளுங்கள்.