திரியும் ரேடியோவும்

ஈக்வடாரில் விளையும், தக்கையினும் இலேசான பால்சா மரச் சட்டங்களால், பழைய வரைபடத்தைப் பார்த்துக் கட்டும் மாதிரிக் கிளைடருக்குள் ரேடியோக் கருவியைப் பொருத்தலாமா? அமெரிக்காவின் ‘சாம்’ அமைப்பு, 1942 இறுதிக்குள் வடிவமைக்கப்பட்டவற்றை ‘ஓல்ட் டைமர்’ என வகுத்து, ரேடியோவோடு பறப்பவற்றுக்கும் போட்டி நடத்துகிறது. நாம் இதை ஒப்பவில்லை.

அக்காலக் கிளைடர், பட்டம்போல் கயிற்றால் இழுத்து ஏற்றப்பட்டு, கொக்கியிலிருந்து கழன்றபின் எவர் சொல்லுக்கும் கட்டுப்படாதது. மேலெழும் வெப்பக்காற்றில் சிக்கினால் கண்மறைந்தே போகும். அதற்குக் கண்ட உபாயம் எத்துணை எளியது! புகையும் பருத்தித் திரி ரப்பர் வளையத்தைச் சுட்டறுக்கிறது. வால்சிறகின் பின்விளிம்பு மேலே துள்ளுகிறது. சறுக்கும் ஆற்றலிழந்த கிளைடர் ஏறத்தாழ மட்டமாகவே கீழிறங்குகிறது. திரியை நறுக்கும்போதே பறக்கும் நேரத்தை முடிவுசெய்தாக வேண்டும். பின்னர்த் திருத்த இயலாது.

ரேடியோ அந்தத் திருத்தத்தைத்தான் தருகிறது. விலாச்சட்டங்களும் டிஷ்யூ தாளும் வரைபடப்படியே அமைந்திருக்கும். பறத்தல் மட்டும் வேறாகிவிடும். ஏடு பெயர்த்தெழுதியோர் புரியாத சொல்லைத் ‘திருத்தி’ விட்டுச்சென்ற பாடபேதங்களோடு ஆண்டுதோறும் வகுப்பறையில் மல்லுக்கட்டும் நமக்கு இது பழகிய கேடு.

பல வார உழைப்பை ஒரே மாலையில் இழப்பதா என்பர். நியாயமே. வெளி சிறிதாயின் திரியைக் குட்டையாக நறுக்கலாம். காய்ந்த புல்லில் நெருப்பு ஆபத்தென்றால் கடிகாரப் பொறி இருக்கிறது. இறக்கையில் முகவரிச் சீட்டு ஒட்டலாம். அப்படியும் தொலைந்தால், வரைபடம் கையிலிருக்கிறது, மீண்டும் கட்டலாம்.